கண்ணாடிப் பலகை

தேர்வுக்குப் பதினாறு நாள் இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நகரத்தின் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள். அதில் ஒருத்தி நம் வீட்டு ஒட்டடைக்குச்சிதான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டிருந்தார்.

பதின்மூன்று வயதிலேயே மகள் அம்மாவைவிட அரை அடி உயரம். அப்பா வைத்த பட்டப்பெயர் தேய்ந்து தேய்ந்து ‘குச்சி’ ஆகி, பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பள்ளி மைதானத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பத்துப் பந்து போட்டால் ஏழு உள்ளே விழும். அப்படி விழுகிறவரை யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன?

அப்பா நகரப் பேருந்து ஓட்டுபவர். காலை ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, மாலையில் மகளோடு மைதானத்துக்குப் போவார். விழுகிற பந்தை எல்லாம் பொறுக்கிக் கொடுப்பது அவர் வேலை. அம்மா கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். பதினெட்டு வருட அனுபவம். கடை விட்டு வரும்போது மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்று கையாட்டுவாள். குச்சி திரும்பக் கையாட்டியதே இல்லை. வயதுக்கு வந்த பிள்ளை, சிநேகிதிகள் முன்னால் கூச்சப்படுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடக்கப்போகும் உள்ளரங்கைப் பழக்கத்துக்காகத் திறந்து விட்டிருந்தார்கள். மூவரும் போனார்கள். பளபளவென்று மரத்தரை, வெள்ளைச் சுவர். வளையத்துக்குப் பின்னால் பலகை கண்ணாடியில் இருந்தது. பள்ளியில் இருப்பது மரப்பலகை. அதில் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கட்டம் வரைந்திருக்கும்.

குச்சி கோட்டில் நின்று முதல் பந்தை எறிந்தாள். பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது பலகைக்கு மேலே போயிற்று. பத்து எறிந்து ஒன்றுகூட விழவில்லை.

“புது இடம்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார் அப்பா. “எனக்குக்கூட வண்டி மாத்திக் கொடுத்தா முதல் நாள் பிரேக்கு எங்கன்னு தேடுவேன்.”

“பயணிங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்றாள் அம்மா. ஆனால் அவள் சிரிக்கவில்லை. மகள் பந்து எறிவதை இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. எறிவதற்கு முன் குச்சி முகவாயைச் சற்றுத் தூக்கினாள், கண்ணை இடுக்கினாள். அந்த இடுக்கலை அம்மா கடையில் ஒரு நாளைக்கு இருபது முகங்களிலாவது பார்க்கிறவள்.

மறுநாள் பள்ளி விட்டதும் மகளைக் கடைக்கு வரச்சொன்னாள்.

“எதுக்கும்மா? பிராக்டிஸ் இருக்கு.”

“அஞ்சு நிமிஷம்தான். உட்காரு.”

சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. உச்சியில் ஒரே பெரிய எழுத்து, இறங்க இறங்க எறும்பு வரிசை. குச்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில், வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தாள். ஒரு எழுத்து தப்பவில்லை.

“போகட்டுமா?”

“இரு. ஆறாவது வரியில மூணாவது எழுத்து என்ன?”

குச்சி சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் மடியில் இருந்த அவள் விரல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்கியதை அம்மா பார்த்துவிட்டாள்.

அம்மா எழுந்து அந்த அட்டையைக் கழற்றினாள். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்காக வைத்திருந்த பட அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினாள். “இப்ப சொல்லு.”

குச்சி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து கண்ணை இடுக்கினாள்.

“மேல இருக்கறது என்னடி?”

“ஏதோ கறுப்பா இருக்கு” என்றாள் குச்சி. “வீடா, மரமான்னு தெரியல.”

இந்தக் கடையில்தான் குச்சி வளர்ந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத வயதில், நாள் முழுக்க இந்த மேஜைக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் எல்லாம் அட்டையைப் படிக்கப் படிக்க, அதைப் பாட்டாகக் கற்றுக்கொண்டாள். நாலு வயதில் கடைசி வரிவரை சொல்லிக் காட்டியபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பாள்! ‘என் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு.’

“பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணாங்களே?”

“இதே அட்டைதான்மா கொண்டு வருவாங்க. சின்ன வயசுல, ஞாபகமா சொல்றதுதான் டெஸ்ட்டுன்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுது. அதுக்குள்ள நீ எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டே. எப்படி வந்து சொல்றது?”

“போர்டுல எழுதறது?”

“உயரம்னு கடைசி பெஞ்சுல போட்டாங்க. பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பாத்து எழுதுவேன்.”

“பந்து?”

“அந்தக் கறுப்புக் கட்டம் மங்கலா தெரியும். அதை வச்சு எறிவேன். அந்த ஹால்ல ஒண்ணுமே இல்லம்மா. வெறும் சுவருதான்.”

அம்மா திட்டவில்லை. சோதனை ஃபிரேமை மகளின் மூக்கில் வைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னபோது, “ஊரு கண்ணையெல்லாம் பாத்துட்டு வீட்டுக் கண்ணைக் கோட்டை விட்டுட்டியே” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போய், “நானும்தான் தினம் பக்கத்துல நின்னு பந்து பொறுக்கினேன். எனக்குத் தெரிஞ்சுதா?” என்றார்.

விளையாட்டுக்கென்று தலைக்குப் பின்னால் பட்டை வைத்த கண்ணாடி மூன்றாம் நாள் தயாரானது. மைதானத்தில் அதைப் போட்டுக்கொண்டு குச்சி முதல் பந்தை எறிந்தாள். தவறிற்று. பத்தில் இரண்டு விழுந்தது. மறுநாளும் இரண்டு. தரை மேலே எழும்பி வருவதுபோல் இருக்கிறது, வளையம் சுருங்கிப்போய் எங்கோ தள்ளி நிற்கிறது என்றாள். நாலாவது நாள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் திணித்தாள்.

“இது இல்லாமலே ஏழு போட்டேன். இதப் போட்டு ரெண்டு. யாருக்கு வேணும் இது?”

“செலக்‌ஷன் அந்தக் கண்ணாடிப் பலகையிலதான்டி” என்றாள் அம்மா.

“தெரியும்! சொல்லிக்கிட்டே இருக்காதே!”

அந்த வாரம் முழுக்க அம்மா கடையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுமதி வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். பந்தைப் பற்றி அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அப்பா வளையத்தடியில் நிற்க, அவள் மைதானத்தின் மறுகோடியில் போய் நின்றாள். “எனக்கு எறி” என்றாள். முதல் பந்து அவள் வயிற்றில் பட்டது. இரண்டாவதற்கு ஒதுங்கிக்கொண்டாள். மூன்றாவதைப் பிடித்துவிட்டு, கோப்பை வாங்கினவள் மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

குச்சி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னடி?”

“அங்கேருந்து சிரிக்கிறே.”

“சிரிச்சா என்ன?”

“வேலிக்கு வெளிய நின்னு தினம் கையாட்டினது நீதான்னு அப்பா நேத்துதான் சொன்னாரு. நான் யாரோ போறாங்கன்னு நினைச்சுப்பேன். அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டா நிப்பே?”

அம்மா பந்தைக் கீழே தட்டினாள். அது வேறெங்கோ உருண்டு ஓடியது. “பின்னே அழுதுக்கிட்டா நிப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வர அவளுக்குத் தேவைக்கு மேலேயே நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு குச்சி கண்ணாடியைக் கழற்றவில்லை. குறி மட்டும் உடனே திரும்பி வரவில்லை. நாலு விழும் நாளும் உண்டு, ஒன்றோடு நிற்கும் நாளும் உண்டு. ஆனால் சிநேகிதிகளோடு ஆடும்போது வேறொன்று நடந்தது. முன்பெல்லாம் யார் உரக்கக் குரல் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அவள் பந்து போகும். இப்போது வாயே திறக்காமல் ஓரத்தில் தனியாக நிற்கிறவளுக்கும் போனது. “நான் நிக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று ஒரு சிநேகிதி ஆச்சரியப்பட்டாள். “தெரியுதே” என்றாள் குச்சி.

தேர்வு நாளில் நாற்பத்தோரு பெண்கள் வந்திருந்தார்கள். முதுகில் எண் ஒட்டிக்கொண்டு வரிசையாக ஓடினார்கள். கோச் குள்ளமான பெண்மணி, கழுத்தில் விசில். அட்டையில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். ஃப்ரீ த்ரோவில் குச்சி பத்துக்கு மூன்று போட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஐந்து ஐந்து பேராக ஆட விட்டபோது, அவள் எறிந்த ஒரு நீளப் பந்து ஆடுகளத்தைக் குறுக்கே கடந்து, யாரும் கவனிக்காமல் நின்ற ஒரு சின்னப்பெண்ணின் கையில் போய் விழுந்தது. அந்தப் பெண்ணே திகைத்துப்போனாள். கோச் எழுதுவதை நிறுத்தினார்.

முடிந்ததும் குச்சியைக் கூப்பிட்டார். “கண்ணாடி புதுசா?”

“ரெண்டு வாரம் ஆச்சு மேடம்.”

“ம்” என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் அப்பாவின் செல்பேசிக்கு வந்தது. பன்னிரண்டு பெயரில் குச்சி இல்லை. கீழே, அணியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கும் மாற்று ஆட்கள் மூவர். அதில் அவள் இரண்டாவது.

குச்சி படித்துவிட்டுச் செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா பொறுமினார். “ரெண்டு வாரம் முன்னாடிதான் கண்ணாடியே போட்டாள்னு நான் போய்ச் சொல்றேன். மறுபடி ஒரு தடவை பாக்கச் சொல்றேன்.”

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. “ஒண்ணும் சொல்ல வேணாம்பா. மூணுதான் போட்டேன். பத்துக்கு மூணு போடறவள நானே எடுக்க மாட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சாப்பிட என்ன இருக்கு?”

அம்மா தட்டை வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு மாதிரி ஒன்று. குச்சி பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை முதல் பயிற்சி. அம்மா வழக்கம்போல் கடையில் சீக்கிரம் விடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குச்சி வாசலில் ஷூ கட்டிக்கொண்டிருந்தாள்.

“இரு, புடவை மாத்திக்கிட்டு வந்துடறேன்.”

“நீ வர வேணாம்மா” என்றாள் குச்சி, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க அம்மாங்க யாரும் வர்றதில்லையாம்.”

“அப்ப அப்பா?”

“அவரும்தான்.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனாள். அப்பா உள்ளேயிருந்து, “போகலையா நீ?” என்று கேட்டார்.

“நமக்கெல்லாம் இனிமே அனுமதி இல்லையாம்” என்றாள் அம்மா. பிறகு கதவருகே நின்று, தெருமுனை திரும்பும்வரை அந்த உயரமான முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.