மூன்றாம் தெருவில் விடுபட்ட வீடு

சூசைபுரம் மூன்றாம் தெருவில் இருந்த கிறிஸ்டோபரின் வீடு போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இல்லாமல் போனது. உள்ளே அவர் மனைவி இன்னாசியம்மாள் இருந்தார். பக்கத்து ஊரான தேவாரத்தில் கம்பி, சிமெண்டுக் கடை வைத்திருக்கும் கிறிஸ்டோபர் கடையைச் சாத்திவிட்டு பைக்கில் வந்து பார்த்தால், வேலுச்சாமி வீடும் ஆரோக்கியசெல்வம் வீடும் நடுவில் விரல் நுழைய இடமில்லாமல் ஒட்டி நின்றன. ஒரு பல்லி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சாதாரணமாகப் போனது. தெருவை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"எங்கன இருக்க?"

"வீட்டுலதான். வேற எங்கன போவேன்? ரசம் கொதிக்குது, வெரசா வாங்க."

நடந்தது இதுதான். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் இவாஞ்சலின் டீச்சர் தேனியில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். பாடத்தை மனப்பாடம் செய்யாமல் பிள்ளைகளே ஒரு வேலையை எடுத்துச் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். டீச்சர் எட்டாம் வகுப்பைக் கூப்பிட்டு, ஒரு பழைய கல்யாண பேனரின் பின்பக்கத்தைக் கொடுத்து, ஊரை வரையச் சொன்னார். கிட்டப் போய்க் கண்ணால் பார்க்காத எதையும் வரையக் கூடாது என்பது ஒரே விதி. மூன்றாம் தெரு, நாகஜோதி என்ற மாணவியின் குழுவுக்கு வந்தது. அவர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்டோபர் வீட்டு வாசலுக்குப் போனபோது அவர் சாப்பிட வந்திருந்தார். "ஏலே, எதுக்கு அளக்குறீக? வீட்டு வரியக் கூட்டவா?" என்று சத்தம் போட்டு கேட்டை அடைத்துவிட்டார். நாகஜோதி விதிக்குக் கட்டுப்பட்ட பெண். இரண்டு பக்கத்து வீடுகளையும் வரைந்தாள், நடுவில் இருந்ததை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் படம் வகுப்புச் சுவரில் ஏறியது. சாயங்காலம் வீடு இல்லை.

கிறிஸ்டோபர் சும்மா இருக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போனார். கூப்பிட்டால் போனை எடுக்கிற பெண்ணைக் காணவில்லை என்று எழுத முடியாது என்றார்கள். கிராம அலுவலகத்தில் பட்டாவைப் பார்த்துவிட்டு, வீடு இருக்கிறது, வரி கட்டுங்கள் என்றார்கள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். அது வேலுச்சாமி வீட்டுச் சுவரில்தான் விழுந்தது. வேலுச்சாமி, நம்ம வீட்டுக்கும் நல்லதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டார். கிறிஸ்டோபர் கடையில் சிமெண்டு மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டு மூன்று வேளையும் பரோட்டா தின்றார்.

இன்னாசியம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது, கரண்டு இருந்தது, கொல்லையில் முருங்கை காய்த்தது. வாசலில் நின்றால் ஆளில்லாத தெருவும், கொல்லையில் நின்றால் மலையும் தெரிந்தன. கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக மத்தியானம் தூங்கினார். ஆரம்பத்தில் "எப்ப வருவீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் போகப்போகக் கேட்பதை நிறுத்தினார். ஒருநாள் போனில் அவர் வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. "சீரியல் போகுது, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டார். வீடு கிடைத்தாலும் அவள் வரச்சொல்வாளா என்று கிறிஸ்டோபருக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் வேலுச்சாமியின் மனைவி ராக்கம்மாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனவர் படத்தைப் பார்த்தார். அவர் மகன் விஜய்பாண்டி டீக்கடை பெஞ்சை அளவில்லாமல் நீளமாக வரைந்திருந்தான். இப்போது டீக்கடையில் ஊரே உட்கார இடம் இருப்பது ஏன் என்று அவருக்கு விளங்கியது. பக்கத்து வீடு ஏன் இல்லை என்பதும் விளங்கியது. நேரே கிறிஸ்டோபரிடம் போய்ச் சொன்னார்.

கிறிஸ்டோபர் பள்ளிக்கு ஓடினார். "ஒரு கட்டம் போட்டு விடுங்க டீச்சர்."

"பாக்காம வரையக் கூடாதுன்னு பிள்ளைககிட்ட நானே சொல்லியிருக்கேன்ணே. போய்ப் பாக்கலாம்னா வீடு இல்ல."

வகுப்பு யோசித்தது. பழங்காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆட்கள் வாயால் சொல்வதும் ஒரு சான்றுதான் என்று பாடத்தில் இருப்பதை விஜய்பாண்டி ஞாபகப்படுத்தினான். சரி என்று நாகஜோதி பென்சிலோடு கிறிஸ்டோபர் எதிரே உட்கார்ந்தாள்.

"சமையக்கட்டு எந்தப் பக்கம் மாமா?"

"உள்ளுக்க."

"ஜன்னல் எத்தன?"

"இருக்கும்ல, வீடுன்னா."

"அத்தை எந்தத் திசையப் பாத்து நின்னு சமைக்கிறாக?"

கிறிஸ்டோபர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் இன்னாசியம்மாள் சொன்னார்: "சமையக்கட்டுக்கு ஜன்னலே கிடையாது ஆத்தா. சுவத்தப் பாத்துதான் சமைக்கிறேன். மலையப் பாத்து ஒரு ஜன்னல் வைங்கன்னு வந்த வருசத்துல இருந்து கேக்குறேன். ஊருக்கெல்லாம் ஜன்னல் கம்பி விக்கிறாக, நமக்கு வைக்க நேரமில்லையாம். ஜன்னல் வச்சு வரையிறதுன்னா வரை. இல்லாட்டி வேணாம், நான் இப்படியே இருந்துக்கிறேன்."

பிள்ளைகள் எல்லாரும் கிறிஸ்டோபரைப் பார்த்தார்கள். "வச்சிருவோம்" என்றார் அவர். ஆனால் நாகஜோதி பென்சிலை எடுக்கவில்லை. இல்லாத ஜன்னலை எப்படி வரைவது? டீச்சர் அட்லஸைப் புரட்டி, போடப்போகிற ரயில்பாதையைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருப்பதைக் காண்பித்தார். நாகஜோதி வீட்டை வரைந்து, மேற்குச் சுவரில் ஜன்னலைப் புள்ளிகளாக வைத்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீடுகள் இரண்டும் சத்தமில்லாமல் விலகி வழிவிட்டன. வேலுச்சாமி வீட்டோடு சேர்ந்து, அங்கே கட்டியிருந்த மாடும் அசைபோட்டுக்கொண்டே நகர்ந்தது. கிறிஸ்டோபர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனார். மேற்குச் சுவரில் ஜன்னல் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் வழியே வெயில் அடுப்பு மேல் பொட்டுப்பொட்டாக விழுந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தபால்தலையைக் கிழிப்பதுபோல் சுவர் புள்ளியோடு பிய்ந்து கொல்லையில் விழுந்தது. மலையும் அதன் மேல் நின்ற மேகமும் அப்படியே தெரிந்தன. இன்னாசியம்மாள் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"கொசு வரும்" என்றார்.

"வலையும் வரையச் சொல்லட்டுமா?"

"ஏன், ஒங்க கடையில வலை இல்லையா?"

மறுநாள் கிறிஸ்டோபர் கடை திறக்கவில்லை. வலையைத் தானே அடித்தார்.

தேனியில் நடந்த கண்காட்சியில், அளவுகோல் குறிப்பிடாததால் அந்தப் படத்துக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. இந்த வருஷம் புதிய எட்டாம் வகுப்பு, மலையிலிருந்து லோயர் கேம்பில் இறங்குகிற அணைத் தண்ணீர் ஊர் வயல்களுக்கு வந்து சேரும் வழியை வரைய எடுத்துக்கொண்டிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் கடைமடை விவசாயிகள் கூடிப் பேசி, பிள்ளைகளுக்கு நீல நிறப் பென்சில்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு, வாய்க்காலைக் கொஞ்சம் அகலமாகவே வரையும்படி கேட்டுக்கொண்டார்கள்.