மீன் எண்ணெய் பூசிய கார்

புது அம்பாசிடர் வந்து மூன்று நாளாகியும் நான் அதன் அழகைப் பார்க்கவில்லை. துரு எங்கே முதலில் பிடிக்கும் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தேன். கடலூரின் பழைய டவுனான ஓ.டி.யில், துறைமுகத்தை ஒட்டி என் வீடு. அங்கே வீசுகிற உப்புக் காற்றில் சைக்கிள் மணிகூட ஒரு வருஷம் தாங்காது. என் பழைய டாக்ஸியின் கதவு ஓட்டை ஓட்டையாகப் போனது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு என் மாமனார் சுப்புராயன், "ஒரு வண்டிய ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, எம் பொண்ண எப்படி மாப்ள வச்சிக்குவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அவர் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். வடலூர் சன்மார்க்கக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, முட்டை என்ற பேச்சுகூட அந்த வீட்டில் எழாது. மீன், கறி தொடமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பெண்ணையே கொடுத்தார். போன ஆடியில் நண்பன் நூர்முகம்மது வீட்டு விருந்தில் இரண்டு துண்டு வஞ்சிரம் சாப்பிட்டேன். ஒளிக்கவில்லை. வந்ததும் வராததுமாக என் மனைவி விருத்தாம்பாளிடம் நானே சொன்னேன். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அதோடு போயிருக்கும். விஷயம் எப்படியோ மாமனார் காதுக்குப் போய், அவர் வந்து அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு நெத்திலியைக்கூட நான் தொடவில்லை. நம்பத்தான் ஆளில்லை.

தை பிறந்ததும் சொல்லி அனுப்பினார். பூசத்தன்று புது வண்டியில் அவர்களை வடலூருக்கு அழைத்துப் போகவேண்டும். சுத்தமாக வந்து நிற்கவேண்டும். தரிசனம் முடிந்தால் விருத்தாம்பாளை என்னோடு அனுப்பிவிடுவார். அந்தச் சேதி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் வண்டியைத் தடவிப் பார்க்கத் தோன்றும். இந்த முறை ஒரு புள்ளி துருவை அவர் கண்ணில் காட்டிவிடக் கூடாது என்று ஒரே வெறி.

திருப்பாதிரிப்புலியூரில் உதிரிபாகக் கடைக்காரர் மெழுகு பாலிஷ் டப்பாவை எடுத்து வைத்தார். "இத வாரா வாரம் தேய்க்கணும்ங்க. கடக்கரைப் பக்கம்னா அதுவும் ஜாஸ்தி நாள் நிக்காது" என்றார். பிறகு என்னத்துக்கு விற்கிறாரோ. டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு, வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் அந்தோணிசாமியிடம் போனேன்.

"மேல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிடலாம் தங்கராசு. ஆனா வெயில்ல மஞ்சளா போயிடும்."

"போவாம இருக்க வழி சொல்லு."

"வண்டிய வெயில்ல எடுக்காத" என்றான். டாக்ஸிக்காரனிடம் சொல்கிற பேச்சா இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்பிவிட்டேன்.

நூர்முகம்மதுவுக்கு இரண்டு தோணி ஓடுகிறது. அவன்தான் சொன்னான்: "மச்சான், சுறா எண்ணெய் பூசு. தோணிக்கு நாங்க அதத்தான் பூசறோம். உப்பு கிட்டயே வராது."

"நாத்தம்?"

"நல்லா வெயில்ல ஒரு வாரம் நிறுத்து, ஓடிப்போயிடும்."

ஒரு வாரத்துக்கு எங்கே போவேன்? பூசத்துக்கு மூன்றே நாள் இருந்தது. வேறு யாராவது என்றால் பூசம் முடியட்டும் என்று விட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை ஏது. அன்றைக்கே ஒரு டின் எண்ணெய் வாங்கி மட்கார்டு அடியில், கதவின் உள்பக்கத்தில், தரைத்தகட்டின் கீழே எல்லாம் பூசினேன். அதோடு விட்டேனா? கதவுகளின் வெளிப்பக்கத்திலும் பாதி உயரத்துக்குத் தேய்த்துத் துடைத்தேன். கறுப்பு வர்ணம் கண்ணாடியாக மின்னியது. முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நிம்மதிக்காகச் சீட்டில் இரண்டு முழம் மல்லிகையும் வைத்தேன். பிறந்ததிலிருந்து மீன் காயும் தெருவில் இருக்கிறவன் மூக்கை நம்பினேன் பாருங்கள்.

பூசத்தன்று காலையில் சிதம்பரம் போய்ச் சேர்ந்து மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். விருத்தாம்பாள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. மாமனார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "பரவாயில்லையே, நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னவெல்லாம் பாடு பட்டிருந்தேன். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். கடலூரிலிருந்து வெயிலில் வந்த வண்டி. கதவுக்குள் காய்ந்துகொண்டிருந்ததெல்லாம் குப்பென்று அவர் முகத்தில் அடித்தது.

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "என்ன மாப்ள இது? மீனு நாறுது."

"மாமா, அது துரு பிடிக்காம இருக்கப் பூசற எண்ணெய். வண்டிக்குத்தான்."

"இந்த நாத்தத்தோடயா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"எனக்குத் தெரியல மாமா."

"எப்படித் தெரியும்? தெனம் அதுலயே கெடக்கிறவருக்குத் தெரியுமா? இத்தினி மாசமா தொடலன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எம் பொண்ணு வரமாட்டா. நீங்க கெளம்புங்க."

நிஜமாகவே தொடாமல் இருந்தவனுக்கு இந்தப் பேர். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. அவமானத்தில் சட்டையைக் கழற்றி எறிந்தேன். யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரும், பாத்திரம் துலக்கும் சாம்பலும், தேங்காய் நாரும் எடுத்து வந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து கதவைத் தேய்த்தேன். முதலில் எண்ணெய் போயிற்று. நான் நிறுத்தவில்லை. மினுமினுப்பு போயிற்று. அப்புறமும் தேய்த்தேன். சாம்பலோடு கறுப்பும் கரைந்து வாளித் தண்ணீர் மையாகியது. தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"மாப்ள, பெயிண்டு போவுது" என்றார் மாமனார்.

"போவட்டும்."

"புது வண்டிங்க."

"எனக்கு வண்டி வேணாம் மாமா. என் பொண்டாட்டி வேணும்."

இப்படித் தெருவில் வைத்துச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. விருத்தாம்பாள் வந்து என் கையிலிருந்த நாரைப் பிடுங்கிக் கீழே போட்டாள். ஈரக் கதவில் விரலை வைத்து முகர்ந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு மீனு தின்னுட்டு வந்து, நான் கேக்காமலே தின்னேன்னு சொன்னவருப்பா இவரு. இன்னிக்குத் தின்னலங்கிறாரு. அன்னிக்கு இவரு சொன்னது உண்மைன்னு நம்பித்தானே என்னக் கூட்டிட்டு வந்தீங்க? இதயும் நம்புங்க."

மாமனார் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் பையோடு வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வண்டியில போங்க. எனக்கு அந்த நாத்தம் ஒத்துக்காது, நான் பஸ்ஸுல வர்றேன்" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "அவ பெட்டியயும் எடுத்து வண்டியில வச்சிக்குங்க. சட்டையப் போடுங்க மாப்ள, ஜனங்க பாக்குது."

சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை விருத்தாம்பாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் வந்தாள். நாற்றம் அவளுக்கும்தான் ஆகவில்லை. ஆனால் வலது கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை. எனக்கோ அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை நம்ப முடியாமல், பார்வை ரோட்டில் நிலைக்கவே இல்லை.

"நாளைக்கே அந்தோணிசாமிகிட்ட விட்டு இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிடறேன்" என்றேன். "மேல மெழுகு தேய்ச்சிட்டா..."

"வேணாம்."

"துரு பிடிச்சிடும் விருத்தா."

"பிடிக்கட்டும். அப்பா வர்றப்பல்லாம் அவரு கண்ணுல படட்டும். அந்தக் கதவுல மட்டும் ஒண்ணும் தடவாதீங்க."

அடுத்த மழைக்காலத்தில் துரு முதலில் அங்கேதான் பிடித்தது. நான் ஒன்றும் தடவவில்லை.