கொம்புள்ள பெயர்

இருட்டிய பிறகு தகரக் கூரையில் குளம்புச் சத்தம் கேட்டது. மகளின் பெயர் வந்துவிட்டது என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.

அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஞானஸ்நானத்துக்கு முந்தின இரவு பெயர்கள் தத்தம் அர்த்தத்தின் உருவிலேயே தாமாக வந்து சேரும். பெயர் வராத குழந்தையைப் பாதிரியார் நனைப்பதில்லை. அது பாப்பா என்றே கிழவியாகிவிடும். பெயர் வரும்வரை கதவைத் தாழிடவும் கூடாது. தாழிட்ட வீட்டை அது தாண்டிப் போய்விடும். கணவனுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். வெறுமனே சாத்திய கதவைப் பார்த்தபடி, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, நடுங்கிப்போய்த்தான் உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா.

பக்கத்து வீட்டு மெர்சியின் மகனுக்கு வந்த யோனா சாதுவான புறா. அதை யாரும் குறை சொல்லவில்லை.

இது வரையாடு. கூரையிலிருந்து குதித்துக் கதவை முட்டித் திறந்து வாசற்படியில் நின்றது. யாகேல். எபிரேயத்தில் அதற்கு வரையாடு என்றே அர்த்தம். மேல்மலையில் அதற்குச் சொந்தக்காரர்கள் இருந்ததால் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பின்னாலேயே கயிற்றோடு வந்தார் எதிர்வீட்டு ஞானமுத்து. அவர் மகனுக்கும் காலையில்தான் ஞானஸ்நானம். இன்னும் பெயர் வந்தபாடில்லை.

"கொம்பப் பாத்தியா தங்கச்சி? இது ஆம்பளப் பேரு. வீடு மாறி வந்திருச்சு."

"வரையாட்டுல பொட்டைக்கும் கொம்பு உண்டுண்ணே."

"இருக்கட்டுமே. பொட்டப்புள்ளைக்கு ரோசா, மல்லின்னு பதமா ஒண்ணு வராமலா போயிரும்?" கயிற்றில் சுருக்குப் போட்டார்.

ஜெசிந்தா குழந்தையோடு எழுந்து குறுக்கே நின்றாள்.

"யாகேல் யாருன்னு கான்வென்ட்ல சிஸ்டர் சொல்லியிருக்காங்க. தூங்குன சேனாபதி நெத்திப்பொட்டுல கூடார ஆணிய அடிச்சு எறக்குன பொம்பள."

"ஆணி அடிக்கிறது ஆம்பள வேலையில்ல?"

"அத அந்தச் சேனாபதிகிட்ட கேளுங்கண்ணே."

ஞானமுத்து நெற்றியைத் தடவிக்கொண்டார். சுருக்கை அவிழ்த்தார்.

"அப்ப எம் மகனுக்கு?"

"போயி கதவத் தொறந்து வைங்க. பூ வந்தாலும் வெரட்டிராதீங்க."

அவர் போனார். ஆடு உள்ளே வந்து குனிந்தது. குழந்தை ஒரு கொம்பைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை.

"எம் மகளாக்கும்," என்றாள் ஜெசிந்தா, ஆட்டிடம்.

ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைத் தொப்பியை எடுத்தாள். குழந்தையின் தலையைத் தடவி, இடம் பார்த்து, கொம்புகளுக்காக இரண்டு ஓட்டை போட்டாள். ஓரங்களைப் பட்டு நூலால் பின்னினாள். கோயிலில் எல்லோரும் பார்க்க வேண்டுமே. வேலை முடிந்தபோது குழந்தை தூங்கிப் பிடி தளர்ந்திருந்தது. ஆடு போய்க் கொம்பால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டது.