இறுகாத தளம்

விடிந்தும் விடியாத குளிரில் கலவை இயந்திரம் இருமத் தொடங்கியது. அவள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி, வாயைக் கிழித்துக் கொட்டினாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல். மாவைவிட மெல்லியது; இமை, பல்லிடுக்கு என்று ஓரிடம் விடாது. அதனால் அவளுக்குப் பெயரே பவுடர்க்காரி.

"காலையிலேயே மேக்கப்பா?" என்றான் கம்பி கட்டுகிறவன்.

"உனக்கும் பூசவா? கொஞ்சம் மனுஷன் மாதிரி தெரிவே."

சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து இந்தச் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட் காலத்துக்கும் நிற்கும். ஈரம் புகாது, கம்பி துருப்பிடிக்காது. ஆனால் அது அவசரம் அறியாதது. குளிரில் இன்னும் மெதுவாகத்தான் பலம் ஏறும். அதுவரை தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்கம்புகளைத் தொடக் கூடாதென்று பொறியாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். முதலாளியும் தலையாட்டினார்.

அன்று காலை அதே முதலாளி அவள் அண்ணனைக் கூப்பிட்டார். "மேல்மாடிக்கு முட்டு வேணும். கீழே இருக்கிறதைப் பிரி."

அண்ணன் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிறவன். சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்த்தான். 'ணங்' என்றது. சாம்பல் சேராத பழைய கலவையில் அந்தச் சத்தம் பொய் சொன்னதில்லை. அதை நம்பிக் கம்புகளை உருவினான்.

அந்த அறையின் தளம் அப்படியே உட்கார்ந்தது. புழுதி அடங்கியபோது அண்ணனின் இடுப்புக்குக் கீழே கான்கிரீட்தான் தெரிந்தது. கடப்பாரையால் நெம்பி இழுத்தார்கள். அவன் அலறியது தெருவரை கேட்டது. கால்கள் இரண்டும் கந்தல்.

அங்கேயே சித்தாளாக இருந்த அண்ணி அவனோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள். பவுடர்க்காரியும் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்போதுதான் பின்னால் முதலாளியின் குரல் கேட்டது.

"ஒரு மூலை விழுந்தா வேலை நிக்குமா? பக்கத்து அறையைப் பிரிங்கடா."

"நீங்க போங்க அண்ணி," என்று கீழே இறங்கினாள். நேராகப் பக்கத்து அறைக்குள் போய் ஒரு முட்டுக்கம்பைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

"சாம்பல் கொட்டுறவளுக்கு என்னடி தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமே முதலாளி. பொறியாளர் சொல்லும்போது தலையாட்டினீங்களே."

முதலாளி கண்ணைக் காட்டினார். இரும்புக் குழாய்களோடு அவருடைய அடியாட்கள் உள்ளே பாய்ந்தார்கள். முதல் அடி, குறுக்கே வந்த கம்பி கட்டுகிறவன் வாயில் விழுந்தது. ரத்தத்தோடு பல்லைத் துப்பிவிட்டு அவனும் ஒரு கம்பைப் பிடித்தான். அடுத்த அடியில் அவள் இடது கை மளுக்கென்று முறிந்தது. கண் இருண்டது, வலது கை மட்டும் இறுகியது. கொத்தனார்கள் வந்தார்கள், சித்தாள்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கம்பு. முதுகில், மண்டையில், முழங்காலில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

"அடிண்ணே," என்றாள் எதிரில் நின்ற அடியாளிடம், மூச்சு வாங்க. "குறி தப்பி முட்டுல விழுந்தா எல்லாரும் சேர்ந்தே போவோம். நீயும் இதுக்குக் கீழேதான் நிக்கிறே."

ஓங்கிய குழாய் நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். முதலாளி வெட்டவெளியில் நின்றிருந்தார்.

"ஏண்டா நிக்கிறே? அடி!"

"நீங்க உள்ளே வந்து சொல்லுங்க," என்றான் அடியாள். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெளியேறினார்கள்.

"சாயங்காலம் இன்னும் ஆள் வரும்," என்று உறுமினார் முதலாளி.

யாரோ கலவை இயந்திரத்தை நிறுத்தினார்கள். கம்பி கட்டுகிறவன் தன் துண்டால் அவள் கையைக் கட்டித் தொங்கவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. அண்ணனைப் பாரு. உன் கம்பை நான் பிடிச்சுக்கிறேன்."

"உன் கம்பை யாரு பிடிப்பா?"

எதிர் மனையில் வேலை செய்கிறவர்கள் மண்வெட்டிகளோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.