கம்பளிச் சுருள்

"கையைத் தூக்குங்க தம்பி," என்றார் தையற்காரம்மா, சட்டைக்கு அளவெடுப்பவர் போல. தூக்கினேன். முதுகுப்பையின் தோல்வார் என் தொந்தியைச் சுற்றி வந்து, கொக்கிக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"சிப்பாய்க்குத் தைச்சது. ஆபீசருக்கு எட்டாது."

நான் ஆபீசர் இல்லை. மின்கட்டண அலுவலகத்தில் எழுத்தர். கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த பழைய ராணுவ முதுகுப்பைகள் என்னிடம் முப்பத்தொன்பது இருக்கின்றன. மாடிப்படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற உடம்பு. பைகள் இருக்கும் அறைக்கு மனைவி 'பட்டாளம்' என்று பெயர் வைத்து, அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள். நாற்பதாவதை வாங்கத்தான் இங்கே வந்திருந்தேன்.

வெறும் பையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் நிரப்பி வைத்திருந்தார். பூட்ஸ், இரண்டு மாற்றுடை, தகரத் தட்டு. மேலே, பிடரியை ஒட்டி, இறுகச் சுருட்டிக் கட்டிய கம்பளி. அவருடைய கணவர் பட்டாளத்துக்குக் கடைசியாகக் கிளம்பிய காலையில் இருந்தது இருந்தபடி. பிறகு பை மட்டும்தான் வீடு வந்தது.

"கேட் வரைக்கும் நடங்க. அங்கே நின்னு, உடம்பைத் திருப்பாம தலையை மட்டும் திருப்பி என்னைப் பாருங்க. அப்புறம் பை உங்களுது."

"எதுக்கும்மா?"

அவர் மெஷின் மேல் கிடந்த நூலை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"அவரு கிளம்பற நேரத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பதிலே பேசலை, மாட்டிக்கிட்டு நடந்தாரு. வாசல்லயே நின்னேன். திரும்பவே இல்லை. கம்பளி இடிச்சிருக்கும், கழுத்து திரும்பியிருக்காதுன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். நிஜமான்னு பார்க்கணும். வேற யார்கிட்ட கேட்டாலும் எனக்குக் கிறுக்குன்னுவாங்க. நீங்க பழைய பை வாங்கறவரு, பரவாயில்லை."

நடந்தேன். பாரம் இறங்க இறங்க, முப்பத்தொன்பது பைகளையும் ஆணியில் மாட்டிப் பார்த்ததோடு சரி என்பது தோளுக்கு உறைத்தது. கேட்டை அடைந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "இருங்க, மூக்குக்கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போன சத்தம் கேட்டதும் ஒத்திகை பார்த்தேன். கம்பளி கன்னத்தை உரசியது. அவ்வளவுதான். சதை பிடித்துப்போன என் கழுத்தே திரும்பியது. ஆளில்லாத வாசல் முழுசாகத் தெரிந்தது. வாலிபச் சிப்பாய்க்கு இது எம்மாத்திரம்.

தெருவைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"இப்போ திரும்புங்க."

லீவு கேட்க வயிற்றுவலி நடித்துப் பழகிய திறமை மொத்தத்தையும் கழுத்தில் இறக்கினேன். முனகினேன். "இடிக்குதும்மா."

"இன்னும் கொஞ்சம்."

"ம்ஹூம். முடியலை. யாராலயும் முடியாதும்மா."

அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க வழியில்லை. அதற்குத் திரும்ப வேண்டும். சிமெண்ட் தரையில் செருப்பு மெதுவாக வந்து என் பின்னால் நின்றது. காலர் சரியாக இருக்கிறதா என்று தையற்காரர்கள் பார்ப்பார்களே, அது மாதிரி இரண்டு விரல்கள் கம்பளிக்கும் என் கழுத்துக்கும் நடுவே நுழைந்தன. தாராளமாக நுழைந்தன. எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.