ஊருக்கு ஒரே சாவு வண்டி

ஊருக்கு ஒரே சாவு வண்டி, அதற்கு ஒரே உரிமம். நகராட்சி விதி அப்படி. உரிமம் மாமனாரிடம், ஸ்டியரிங் மாப்பிள்ளையிடம்.

"மாமா, நான் தனியா ஒரு வண்டி போடலாம்னு இருக்கேன்."

"போடுங்களேன் மாப்பிள்ளை! முதல் சவாரி நான்தான். அதுவரைக்கும் உரிமம் என் பேர்லதான்."

ஷெட்டில் இருந்த மெக்கானிக்குகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்கு முள்ளாய்த் தைத்தது. நேரே வக்கீலிடம் போனான். விரும்பிய தொழிலைச் செய்வது அரசியல் சட்டம் தந்த உரிமை, ஊருக்கு ஒருவர் என்ற விதி அதற்கு விரோதம் என்று வழக்குப் போட்டான்.

மனைவி கெஞ்சினாள். "அப்பாவுக்கு அப்புறம் எல்லாம் நமக்குத்தானே? கொஞ்சம் பொறுங்களேன்."

"உங்கப்பன் ஊரையே ஏத்தி அனுப்பிட்டுத்தான் தான் ஏறுவான். எனக்கு உரிமை இருக்குடி."

ஜெயித்தான். விதி செல்லாது என்றது நீதிமன்றம். புது வண்டியை மாமனார் ஷெட் வாசலில் நிறுத்தி, கிழவர் எட்டிப் பார்க்கும்வரை ஹாரன் அடித்தான்.

திறந்த கதவு ஒருத்தனுக்கு மட்டுமா திறக்கும்? அடுத்த மாதமே பெரிய கம்பெனி ஒன்று வரிசையாக ஏசி வண்டிகளை இறக்கியது. பாதி வாடகை. மாப்பிள்ளை வக்கீலிடம் ஓடினான்.

"எப்படியாவது தடை வாங்குங்க சார்!"

"எதைச் சொல்லி வாங்கறது? அவங்க காட்டறதே உன் தீர்ப்பைத்தானே," என்றார் வக்கீல். "இப்ப நான் அவங்க வக்கீலும்கூட."

மாமனாரின் வண்டி ஷெட்டிலேயே துருப்பிடித்தது. அதைப் பார்த்துப் பார்த்தே கிழவர் படுத்தார். ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார்.

மாப்பிள்ளை வண்டியைக் கழுவித் துடைத்துப் பிணவறை வாசலில் நிறுத்தினான். வெகுநாள் கழித்துக் கிடைத்த சவாரி. பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். மனைவி வெளியே வந்தாள். அவனைத் தாண்டிப் போய், ஓரமாக நின்ற கம்பெனி வண்டியின் டிரைவரைக் கைகாட்டி அழைத்தாள்.

"என்னடி பண்றே? நான் இருக்கும்போது கம்பெனி வண்டியா? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். எந்த வண்டியைக் கூப்பிடறதுன்னு எனக்கும் உரிமை இருக்குல்ல?"

ஸ்ட்ரெச்சர் ஏறியது. அவளும் ஏறினாள். கம்பெனி டிரைவர் ஹாரன் அடித்தான், விடாமல்.

வழியை மறித்து நின்ற தன் வண்டியை மாப்பிள்ளைதான் பின்னுக்கு எடுத்தான்.