தொட்டிக்கு இருபது

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. எழுதிப் போட்ட கணக்கு உண்மைக் கணக்கு ஆகாது. பெட்டிக்குள் எட்டுப் பேர் என்று பலகை இருக்கும். மேலே கயிறு எண்பது பேரைத் தாங்கும். ஜனங்களை நம்ப முடியாது என்றுதான் குறைத்து எழுதுகிறார்கள்.

முழங்கால் போய் வேலையும் போனபின், குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஐந்நூறு லிட்டர் தொட்டி வைத்தார். தொட்டியில் மீன், பக்கத்தில் சரளைக்கல் நிரப்பிய பாத்தியில் கீரை. மீன் கழிவோடு தண்ணீர் பாத்திக்கு ஏறும். கல்லில் வளரும் நுண்ணுயிர் கழிவின் நஞ்சை உரமாக்கும். தண்ணீர் தெளிந்து தொட்டிக்குத் திரும்பும்.

மனைவியின் அண்ணன் தன் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தார். இருவரும் அங்கே வந்துவிட வேண்டும், மாப்பிள்ளை கிடங்குக்குக் காவல் பார்க்க வேண்டும் என்றார். இவர் மூன்று மாதம் தவணை கேட்டிருந்தார். அதற்குள் மாடியிலிருந்து ஏதாவது விற்றுக் காட்டினால் போக வேண்டாம்.

இந்தத் தொட்டிக்கு இருபது மீன் என்றார் குஞ்சு விற்பவர். அதிலும் முதல் மாதம் பத்து போதும், கல்லில் நுண்ணுயிர் பிடித்துப் பழகட்டும் என்றார்.

"தம்பி, இந்த மாதிரி பலகையெல்லாம் மாட்டினவனே நான்தான்."

அறுபது வாங்கினார். விரல் நீளக் குஞ்சுகள். அறுபதும் சேர்ந்து ஒரு மூலையைக்கூட அடைக்கவில்லை. தொட்டி காலியாகக் கிடக்கிறதே என்று மனைவியிடம் வருத்தம் வேறு பட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பசி என்று நினைத்து இன்னொரு பிடி தீனி போட்டார். மனைவி சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து நஞ்சைக் காட்டும் மருந்தைச் சொட்டினாள். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகியது.

"நாப்பதை எடுத்துடுங்க. யாருக்காவது குடுத்துடலாம்."

"இருபதை வெச்சுக்கிட்டு உங்கண்ணனுக்கு என்னத்தைக் காட்டுறது?"

அவர் காலை இழுத்து இழுத்துப் பாதித் தண்ணீரை மாற்றினார். அரை நாள் தாங்கியது. மறுபடி பச்சை.

பன்னிரண்டாம் நாள் காலை முப்பத்தெட்டு மிதந்தன. மறுநாள் பதினெட்டு. கீரை இரண்டு இலை விட்டு மஞ்சளாகி நின்றது. மைத்துனருக்கு அவரே போன் செய்தார். தவணையில் பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

மைத்துனர் வண்டியோடு வந்தார். மாடி ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்ப இடம் தாராளமா இருக்கே, மாப்ளே."

மிச்சமிருந்த நாலையும் மனைவி ஒரு வாளியில் எடுத்துக்கொண்டாள். கிடங்கில் அவற்றை எங்கே விடுவது என்று யாரும் கேட்கவில்லை.

லிஃப்டில் மூட்டைகள் ஏறின. பிறகு மைத்துனர், வாளியோடு மனைவி. உள்ளே இன்னும் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். பலகை எட்டு என்றது.

"ஏறுங்க," என்றாள்.

அவர் மூட்டைகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"நீங்க போங்க. நான் படியில வரேன்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

கதவு மூடிக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்து நல்ல காலால் முட்டுக் கொடுத்து, கெட்ட காலை இறக்கினார். மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட் கீழே போய் நின்ற சத்தம் கேட்டது. அவர் மூன்றாவது படியில் இருந்தார்.